குங்குமம் வைத்த பேட்டரி

என் இடது புருவத்தில் பாதிக்கு மேல் முடி கிடையாது. கேட்பவர்களிடம் பேட்டரி வெடித்தது என்று சொல்வேன். பாதிப் பேர் நம்பமாட்டார்கள். வெட்டுக்குத்து என்று சொன்னால் உடனே நம்புவார்கள்.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் பஞ்சுப் பேல் ஏற்றும் லாரி ஒன்றில் கிளீனராக இருந்தேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, ஓட்டல், செங்கல் சூளை, போர் போடும் ரிக் வண்டி என்று சுற்றி, இருபத்திரண்டு வயதில் வந்து சேர்ந்த வேலை அது. ஒரு மார்கழிக் காலையில் லாரி செல்ஃப் எடுக்கவில்லை. அய்யனார் கோவில் போகிற ரோட்டில், ஒரு தென்னந்தோப்பு ஓரம் நின்றிருந்தோம். எதிரே வந்த லாரியை நிறுத்தி, மூக்கோடு மூக்கு வைத்து, வெல்டிங் கேபிள் துண்டுகளால் அந்த பேட்டரியிலிருந்து எங்கள் பேட்டரிக்குக் கரண்ட் கொடுத்தோம். கடைசி வயரை நான்தான் வைத்தேன். நேராக பேட்டரியின் மைனஸ் முனையிலேயே வைத்தேன். அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் வைத்தார்கள். ஒரு பொறி பறந்தது. அதற்குப் பிறகு நான் பார்த்தது வானத்தை.

முகமெல்லாம் ஆசிட். கண் திறக்கவில்லை. டிரைவர் ஓடி வந்து முதலில் என் இடுப்பில் ஒரு மிதி மிதித்தார். பேட்டரியைக் கொன்றுவிட்டேனாம். பம்புசெட் சத்தம் எந்தப் பக்கம் கேட்டதோ அந்தப் பக்கம் தவழ்ந்து ஓடி, தண்ணீர் விழும் குழாய்க்குக் கீழே தலையைக் கொடுத்துவிட்டு, வெயில் ஏறும்வரை எடுக்கவில்லை. அதனால் கண் பிழைத்தது. சட்டை மறுநாள் சல்லடையாகிவிட்டது. மூன்றாம் நாள் அதே லாரியில் ஏறினேன்.

பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும்போது மூடி ஓட்டை வழியாக ஒரு வாயு வரும், அது கண்ணுக்குத் தெரியாது, பொறி பட்டால் பிடித்துக்கொள்ளும் என்பதைப் பல வருடம் கழித்துக் கோயம்புத்தூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் தெரிந்துகொண்டேன். அங்கே அப்போதுதான் இன்ஜினை நடத்தக் கம்ப்யூட்டர் பெட்டி வைத்த கார்கள் வர ஆரம்பித்திருந்தன. கூட வேலை பார்த்த ஒருவன் அவசரத்தில் பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் மாற்றிக் கொடுத்துவிட்டான். உள்ளேயிருந்து ஒரு புகை வந்தது, அவ்வளவுதான். பெட்டி செத்துவிட்டது. போர்மேன் ஸ்பானரால் அவன் கால் முட்டியில் அடித்தார். எலும்பு போன சத்தம் ஷெட்டின் மறுமூலை வரை கேட்டது. அந்த வாரமே நான் கிளம்பிவிட்டேன். ஆனால் அதற்குள் கற்றுக்கொள்ள வேண்டியதைக் கற்றுக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் மறுபடி ராஜபாளையம் வந்து, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பேட்டரி கடையில் சேர்ந்தேன். கடைக்காரர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். சார்ஜுக்கு வரும் ஒவ்வொரு பேட்டரியிலும் பிளஸ் முனையில் சிவப்பு பெயிண்டால் ஒரு பொட்டு வைத்துவிடுவார். அது எங்கள் கடையின் வழக்கம். ஊரில் எந்த டிராக்டரைத் திறந்தாலும், எந்த வேனைத் திறந்தாலும், சிவப்புப் பொட்டு இருந்தால் அது பிளஸ். டிரைவர்கள் யாரும் எழுத்தைத் தேடிப் பார்ப்பதில்லை. நானும் பார்ப்பதில்லை.

கடைக்கு அடிக்கடி வரும் டிரைவர் ஒருவர் இருந்தார். கான்சாபுரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை ஏலே என்பார். லாரியில் இருபது வருடம் இருந்துவிட்டு, ஒரு மில் முதலாளி வீட்டில் கார் ஓட்ட வந்தவர். அந்த வீட்டுச் சின்ன முதலாளிக்கு ஒரு புதுக் கார் வாங்கியிருந்தார்கள். கம்ப்யூட்டர் பெட்டி வைத்த கார். சின்ன முதலாளிக்கு இரண்டு பழக்கம். இன்ஜினை அணைத்துவிட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, காற்றும் பாட்டும் போட்டு மணிக்கணக்கில் காருக்குள் உட்கார்ந்திருப்பார். கோபம் வந்தால் கையில் கிடைத்ததால் அடிப்பார். டிரைவரின் மகன் அந்த வருடம் பட்டாள ஆள் எடுப்பில் தேறியிருந்தான். ஓட்டம், உயரம், நெஞ்சளவு எல்லாம் முடிந்து, போலீஸ் ஸ்டேஷன் விசாரணை மட்டும் பாக்கி. வீட்டில் யார் பெயரிலும் கேஸ் இருக்கக்கூடாது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் டீக்கடையில் பார்த்தபோது அவருடைய மேலுதடு வீங்கியிருந்தது. கேட்டதற்குச் சொன்னார். பூஜையன்று காரைக் கழுவி, ஸ்டியரிங்கில், சக்கரத்தில், பானெட்டைத் திறந்து இன்ஜினில், பேட்டரியில் எல்லாம் அந்த வீட்டு அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்தார்களாம். நாலு சக்கரத்துக்கும் நாலு எலுமிச்சம்பழம். இவர் சாவியைத் திருப்பினால் செல்ஃப் முனகியது. எப்படியோ எடுத்து, கார் அரை அடி நகர்ந்து நின்றுவிட்டது. மூன்று பழம் நசுங்கியது, நாலாவது நழுவி முழுசாக வாசல் வரை உருண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு சாயங்காலம்வரை செல்ஃப் எடுக்கவில்லை. சின்ன முதலாளி செருப்பைக் கழற்றி, வீட்டுப் பெண்கள் முன்னால், இவர் வாயில் அடித்தார். பேட்டரி இறங்கிக் கிடக்கிறது என்று இவர் சொன்னதை, புது வண்டிக்கு என்னடா இறக்கம் என்று கேட்டு இன்னொரு அடி.

“இன்னொரு தடவ கை நீட்டட்டும். அருவா டிக்கில ஸ்டெப்னிக்குக் கீழ கெடக்கு” என்றார்.

மகன் காரியம் என்ன ஆவது என்று கேட்டேன்.

“அவன் பட்டாளத்துக்குப் போவான், நான் செயிலுக்குப் போறேன்.”

“கேஸ் வந்தா அவனும் போக முடியாதுண்ணே.”

அவருக்கு அது தெரியாமல் இல்லை. உதட்டில் படாமல் டீயை ஒரு பக்கமாக ஊற்றிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அதற்கு மறுநாள் மத்தியானம் கடைக்குப் போன் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரப் பதிவு ஆபீசுக்குப் பக்கத்துத் தெருவில் கார் நின்றுபோய்விட்டது. பிளவக்கல் பக்கம் வாங்கிய தோப்பைப் பதிய வந்த சின்ன முதலாளி, முறை வரும்வரை ஒன்றரை மணி நேரம் காருக்குள் பாட்டுக் கேட்டிருக்கிறார். முறை வந்ததும் இறங்கிப் போனார். மூன்று மணிக்குள் வெளியே வந்துவிடுவேன், வரும்போது வண்டி ஓடிக்கொண்டு நிற்க வேண்டும், இல்லையென்றால் இன்றைக்குச் செருப்பு இல்லை, பெல்ட் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

“நீ வாரியா, இல்ல நான் டிக்கியத் தொறக்கவா?” என்று டிரைவர் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார்.

சார்ஜ் ஏறிய பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்றை மொபெட்டில் நிமிர்த்தி வைத்துக் கயிற்றால் கட்டினேன். கேபிளைத் தோளில் போட்டுக்கொண்டேன். கடைக்காரர் “ஜாக்ரத்தரா” என்று மட்டும் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது இரண்டரை மணி. வெயிலில் காரைச் சுற்றிப் பத்துப் பேர். நாலு பேர் பின்னால் கை வைத்துத் தள்ளத் தயாராக இருந்தார்கள். இந்த வகைக் காரைத் தள்ளி எடுக்கக்கூடாது என்று கோயம்புத்தூரில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னால் அவர்கள் கேட்கவில்லை. ஒருவன் என் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். நானும் தள்ளினேன். தெருமுனையில் நின்ற லாரிக்காரர் ஒருவர் தன் வண்டியைக் கொண்டுவந்து கரண்ட் கொடுக்கிறேன் என்றார். லாரியில் இரண்டு பேட்டரி, இருபத்துநாலு வோல்ட், அதைக் கொடுத்தால் இந்தக் கார் அடுப்புக்கரி ஆகிவிடும் என்று அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தால் டிரைவர் என் பேட்டரியை அவரே இறக்கி, காருக்கு முன்னால் சாக்கு விரித்து வைத்து, அதில் இரண்டு கேபிளையும் மாட்டிவிட்டார். பானெட் திறந்திருந்தது. சிவப்பு கிளிப்பைக் கார் பேட்டரியில் குங்குமம் அப்பியிருந்த முனையில் கடித்துவிட்டிருந்தார். கறுப்பு கிளிப் அவர் கையில் இருந்தது. இன்னும் ஒரு சாண் தூரம்.

எனக்கும் முதல் பார்வையில் அது சரியாகத்தான் பட்டது. சிவப்புப் பொட்டு, சிவப்பு கிளிப். அப்புறம்தான் அந்த முனையிலிருந்து கிளம்பிய கேபிள் நேராக இறங்கிக் காரின் உடம்பில் ஒரு போல்ட்டில் முடிவதைப் பார்த்தேன். உடம்பில் முடிந்தால் அது எர்த். எர்த் என்றால் மைனஸ். குங்குமத்தை அந்த அம்மா மைனஸில் வைத்திருக்கிறார்கள்.

சொல்ல நேரமில்லை. ஓங்கிக் குத்தினேன். கையைத் தட்டத்தான் நினைத்தேன். ஆனால் அவர் குனிந்திருந்ததால் வாயில் விழுந்தது, வீங்கிய உதட்டிலேயே. கறுப்பு கிளிப் தரையில் போய் விழுந்தது. அவர் பம்பரில் முதுகு இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். உதடு பிளந்து, சட்டையின் மேல் பொத்தான் வரை ரத்தம் இறங்கியது.

தள்ள வந்தவர்கள் ஒவ்வொருவராக நகர்ந்து போனார்கள். டிரைவர் எழுந்து, வாயைத் துடைக்காமல், காரின் பின்பக்கம் போனார். டிக்கி திறக்கிற சத்தம் கேட்டது. ஸ்டெப்னியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

நான் ஓடவில்லை. தைரியம் என்று சொல்லமாட்டேன். சிவப்பு கிளிப் இன்னும் தப்பான முனையில் இருந்தது. அதை எடுத்தேன். பிறகு மொபெட் பையிலிருந்து ஈரத்துணியை எடுத்து, அவர் வரும் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு, பேட்டரியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“நீயும் அடிக்க. எல்லாவனும் அடிக்கான்” என்று பிடரிக்குப் பக்கத்தில் குரல் கேட்டது.

“வெட்டுறதுக்கு முன்னால இதப் பாத்துட்டு வெட்டுண்ணே.”

சந்தனம் காய்ந்து கட்டியாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். குங்குமத்துக்கு அடியில் ஒற்றைக் கோடு, மைனஸ். மறுமுனையில் கறுப்பு பிளாஸ்டிக் மூடி போட்டிருந்தது. புதுக் கார்களில் பிளஸ்ஸை அப்படி மூடித்தான் கொடுப்பார்கள். அதனால் அந்த அம்மா கைக்குத் தெரிந்த ஒரே முனையில் பொட்டு வைத்திருக்கிறார்கள். மூடியைத் தூக்கிக் காட்டினேன். அடியில் சிலுவை மாதிரி பிளஸ் குறி.

அவர் குனிந்து பார்த்தார். அரிவாள் என் காதுக்குப் பக்கத்தில் தொங்கியது. மூக்கால் மூச்சு விட முடியாமல் வாயால் விட்டுக்கொண்டிருந்தார், ஒவ்வொரு மூச்சுக்கும் ரத்தம் பானெட் விளிம்பில் தெறித்தது.

“இத வாயால சொல்லியிருக்கலாம்லலே” என்றார்.

அரிவாளைக் கீழே வைத்துவிட்டுப் போய்ச் சாவியை அணைத்து, பாட்டு, காற்று, லைட் எல்லாம் அணைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். என் பேட்டரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். நான் சாக்கின் ஒரு பக்கத்தை இழுத்து அதன்மேல் போட்டேன்.

பிறகு கோயம்புத்தூரில் கற்ற வரிசைப்படி செய்தேன். என் பேட்டரியில் டிரைவர் மாட்டியிருந்த இரண்டு கிளிப்பையும் முதலில் கழற்றினேன். சிவப்பு, செத்த பேட்டரியின் பிளஸ்ஸில். சிவப்பின் மறுமுனை, நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு, நல்ல பேட்டரியின் மைனஸில். கறுப்பின் கடைசி முனையைக் கார் பேட்டரியில் வைக்கவில்லை. கை நீட்டி, பேட்டரியை விட்டு எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி, இன்ஜினில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டில் கடிக்க வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வைத்தேன். சின்னதாக ஒரு பொறி வந்தது. வாயு இல்லாத இடத்தில் வந்த பொறி, ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் என் புருவம் துடித்தது.

உடனே டிரைவர் சாவியைத் திருப்பப் போனார். இறங்கிப்போன பேட்டரி கொஞ்சம் குடித்துக்கொள்ளட்டும் என்று நிறுத்தினேன்.

“எம்புட்டு நேரம்லே? அவன் வந்துருவான்.”

“செத்த நேரம். பாட்டுக் கேட்டது ஒன்றர மணி நேரம்லா.”

மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. ஐந்து நிமிடம் விட்டேன். அவர் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து பதிவு ஆபீஸ் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கை காட்டினேன். முதல் திருப்பலில் முனகியது. கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், சூடு அதிகமில்லை. கொஞ்சம் விட்டு இரண்டாவது முறை திருப்பினார். பிடித்துக்கொண்டது. அவர் இறங்கி ஓடி வந்து, லாரிப் பழக்கத்தில், டைனமோ வேலை செய்கிறதா என்று பார்க்க ஓடுகிற வண்டியிலேயே பேட்டரி முனையைக் கழற்றக் கை வைத்தார். பழைய வண்டிக்கு எல்லோரும் செய்கிற சோதனை அது. இந்த வண்டியில் செய்தால் கம்ப்யூட்டர் பெட்டி போய்விடும். மணிக்கட்டைப் பிடித்தேன். இந்த முறை வாயால் சொன்னேன். கழற்றும்போது கரண்ட் எகிறிப் பெட்டியைத் தாக்காமல் இருக்க ஹெட்லைட்டும் காற்றாடியும் போடச் சொல்லிவிட்டு, மாட்டிய வரிசைக்கு நேர் எதிர் வரிசையில், இன்ஜினில் இருந்த கறுப்பு முதலில், ஒவ்வொன்றாகக் கழற்றினேன்.

கடைசி கிளிப் கையில் இருக்கும்போது சின்ன முதலாளி வந்துவிட்டார். வெள்ளைப் பேண்ட், அகலமான பெல்ட். கார் ஓடிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். அடிப்பதற்குக் காரணம் இல்லை. அப்புறம் திறந்திருந்த பானெட்டுக்குள் பார்த்தார்.

“பூஜைக் குங்குமத்த எவன்டா அழிச்சது?”

டிரைவரின் கழுத்து நரம்பு புடைத்தது. நான்தான் என்றேன். தெரியாமல் சொல்லவில்லை. எனக்கு மகன் இல்லை, ஸ்டேஷன் விசாரணையும் இல்லை.

முதல் அறையில் காது அடைத்தது. இரண்டாவதில் மொபெட் மேல் விழுந்தேன். அவர் திரும்பி, தரையில் இருந்த என் பேட்டரியை ஒரு உதை விட்டார். அது சாய்ந்து, ஆசிட் மூடி வழியாகச் சாக்கில் ஊற்ற ஆரம்பித்தது. உதைத்த உதையில் சாக்கும் நகர்ந்துவிட்டது. அரிவாளின் பிடி ஒரு விரல் நீளத்துக்கு வெளியே தெரிந்தது.

சின்ன முதலாளி பார்க்கவில்லை, பெல்ட்டை உருவிக்கொண்டிருந்தார். டிரைவர் பார்த்துவிட்டார். திறந்த கார் கதவில் ஒரு கை, ஒரு கால் இந்தப் பக்கம் வந்துவிட்டது.

நான் பேட்டரியை நிமிர்த்துகிறவன் போலச் சாக்கின் மேல் மண்டி போட்டு விழுந்தேன். பிடியை முட்டிக்கு அடியில் அழுத்திக்கொண்டேன். உள்ளங்கையில் ஆசிட் பட்டு எரிந்தது. முதுகில் பெல்ட் விழுந்தது. கொக்கிப் பக்கம் கையில் இல்லை, முனையில் இருந்தது. நாலோ ஐந்தோ. எண்ணுகிற நிலையில் இல்லை. தலையைத் தூக்கி டிரைவரைப் பார்த்தேன். வெட்டாதே, மகனை நினை என்றெல்லாம் சொல்ல முடியாது. சொன்னால் அரிவாள் இருப்பது தெரிந்துவிடும். வாயில் வந்ததைச் சொன்னேன்.

“வண்டி அணஞ்சிரும்ணே. அணஞ்சா மறுபடி எடுக்காது. போயி ஆக்சிலேட்டர மிதிங்க.”

அவர் நின்றார். இன்ஜின் சத்தம் கொஞ்சம் தாழ்ந்து ஏறியது, லைட்டும் காற்றாடியும் ஓடுவதால் அப்படித்தான் இருக்கும். இருபத்தைந்து வருடம் வண்டி ஓட்டிய கால், அந்தச் சத்தத்துக்குப் பதில் சொல்லாமல் இருக்காது. உள்ளே உட்கார்ந்தார். மிதித்தார். மிதித்துக்கொண்டே இருந்தார், கார் உறுமிக்கொண்டே இருந்தது. அவர் முகம் கண்ணாடிக்குப் பின்னால் கோணிக்கொண்டு கிடந்தது. பெல்ட் விழுகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது. அதற்காகத்தான் மிதித்தாரோ என்னவோ.

சின்ன முதலாளிக்குக் கை ஓய்ந்தது. பெல்ட்டை மாட்டாமல் கையில் சுற்றிக்கொண்டு பின் சீட்டில் ஏறினார். பானெட்டை நான்தான் எழுந்து மூடினேன். கார் போய்விட்டது.

தெருக்குழாயில் கைகளை வெகுநேரம் காட்டினேன். அரிவாளை ஆசிட் சொட்டும் சாக்கோடு சுருட்டி மொபெட்டில் கட்டிக்கொண்டு ராஜபாளையம் வந்தேன். முதுகு சட்டையோடு ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் வெந்நீர் வைத்துப் பிய்த்தெடுத்தார். யார் அடித்தது என்று கேட்கவில்லை. பேட்டரி ஏன் சாய்ந்தது என்று கேட்டார்.

டிரைவர் கடைப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த வீட்டில்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கப்புறமும் அடி வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். அரிவாளை அவர் கேட்கவில்லை, நானாகக் கொடுக்கவுமில்லை.

தை கழிந்து ஒரு காலையில் கடைக்கு வந்தார். மகனை முந்தின நாள் ரயில் ஏற்றிவிட்டாராம், அன்றைக்குக் காலையிலேயே மில் வீட்டில் சாவியை வைத்துவிட்டு வேலையை விட்டுவிட்டாராம். கடைக்காரரிடம் சொன்னார், என்னிடம் சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஏலே, அத எடு.”

பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சாக்கைப் பிரித்தார். சாக்கு பொடியாக உதிர்ந்தது. அரிவாளின் வாய் முழுக்க ஆசிட் தின்று, அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக இருந்தது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். வாழைத்தாரைக்கூட வெட்டாது. பழைய ஈயத் தகடுகள் குவிந்து கிடந்த மூலையில் அதை வீசினார்.

பிறகு என் பக்கத்தில் வந்து, கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டார். கடைவாய்ப் பல் ஆடிவிட்டது.

“இது அன்னைக்குக் குத்துனதுக்கு. மொதலாளி அடிச்சா சம்பளத்துல அடிக்கான்னு வச்சுக்கலாம். நீ எதுக்குலே அடிச்ச?”

கடைக்காரர் எழுந்துவிட்டார். நான் அவரை உட்காரச் சொன்னேன். டிரைவர் அந்த அறையை நாலு மாதமாக வைத்திருந்திருக்கிறார். கொடுத்த பிறகு அவருக்குத் தோள் இறங்கிவிட்டது. எதிர் டீக்கடையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார்.

டீ வந்தது. இந்த முறை நான்தான் வாயின் ஒரு பக்கமாக ஊற்றிக் குடிக்க வேண்டியிருந்தது.